பயிர்க் காவலும் துப்பாக்கியும்

கோயமுத்தூர் ஜில்லாவின் மேற்கே, மலையடிவாரத்திலுள்ள ஒரு சங்கத்தைத் தணிக்கை செய்யச் சென்றிருந்தேன். கணக்குகள் முடிந்து பஞ்சாயத்தார் எழுந்திருக்கும் சமயத்தில், வயது முதிர்ந்த ஓர் அங்கத்தினர் கடன் மனு ஒன்றைக் கொணர்ந்து மேஜைமேல் வைத்தார். கடனின் நோக்கம் என்ற இடத்தில் ‘துப்பாக்கி வாங்க’ என்று எழுதியிருந்தது. இளைஞர் சிலர் நகைத்தனர். பெரியவர் நகைக்கவில்லை. “ஏனுங்க, எருமை வாங்கக் கடன் உண்டு, மோட்டார் வாங்கக் கடன் உண்டு. வெளைஞ்சதைக் காப்பாத்தறதுக்கு மட்டும் கடன் இல்லீங்களா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அவருடைய நிலக்கடலைக் காட்டை மூன்றே இரவில் பன்றிகள் உழுதுவிட்டன. அந்த விளைச்சலை நம்பி வாங்கிய பயிர்க்கடன் சங்கப் புத்தகத்தில் நிலுவையாக நிற்கிறது. ஜாமீன் கையெழுத்திட்ட இருவரும் அதே கரையில் கடலை போட்டவர்கள். அவர்களுக்கும் அதே கதி. ஆகவே பன்றி தின்றது ஒருவருடைய கடலையை மாத்திரமன்று, சங்கத்தின் தவணையையும் சேர்த்தே. அவர் கேள்விக்கு அன்று அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு வந்தேன். முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன். மலையோரக் கிராமங்களில் உள்ள மற்றச் சங்கத்தாருக்கும் இது உதவக்கூடும்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் கீழ் லைசென்ஸ் இன்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றமாயிற்று. குடகு நாட்டாருக்கு மட்டும் ஆதியிலிருந்து விலக்கு உண்டு, நமக்கு இல்லை. அச்சட்டத்தின் இடத்தில் வந்ததே 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம். இதன் 13-வது பிரிவில் குடியானவருக்கு அனுகூலமான ஒரு வாசகம் இருக்கிறது. உண்மையாகவே பயிர்க் காவலுக்கு வேண்டுமென்று கேட்பவருக்கு, வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்க வேண்டும் என்பது அது. அத்துப்பாக்கி போதாது என்று அதிகாரி கருதினால், உட்புறம் வழவழப்பான குழலையுடைய வேறு துப்பாக்கிக்கும் கொடுக்கலாம். மனுதாரருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். போலீஸ் நிலையத்தின் அறிக்கையைப் பெற்ற பிறகே ஜில்லா அதிகாரி உத்தரவு போடுவார். லைசென்ஸுக்கு முன்பு 3 வருஷம் ஆயுள் இருந்தது. 2019-ம் வருஷத்துத் திருத்தத்தினால் 5 வருஷமாயிற்று. லைசென்ஸ் இன்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 2 வருஷம் முதல் 5 வருஷம் வரை சிறை. நாட்டுத் துப்பாக்கி செய்து கொடுப்பவனுக்குத் தண்டனை இன்னும் கடுமை.

‘சட்டமே அனுமதிக்கிறதே, பிறகென்ன?’ என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் நம்மவர் பலர் தவறி விழுகிறார்கள். துப்பாக்கி லைசென்ஸ் என்பது துப்பாக்கியை வைத்துக்கொள்ளக் கிடைத்த அனுமதி. மிருகத்தைச் சுடுவதற்கான அனுமதியன்று. இவ்விரண்டும் வெவ்வேறு காகிதங்கள், வெவ்வேறு கச்சேரிகளிலிருந்து வருபவை. இரண்டாவது காகிதம் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைச் சேர்ந்தது. அச்சட்டத்திற்கு 1991-ல் செய்த திருத்தத்தோடு வேட்டை லைசென்ஸ் என்பதே ஒழிந்தது. 2022-ல் செய்த திருத்தத்தின்படி காட்டுப்பன்றியும் புள்ளிமானும் இரண்டாம் அட்டவணையில் இருக்கின்றன. யானையும் மயிலும் முதல் அட்டவணையில். கொல்லையில் இறங்கித் தக்காளியைக் கொத்துகிற மயிலைச் சுட்டவருக்கு, புலியைச் சுட்டவருக்குரிய பிரிவே பொருந்தும்: 3 வருஷம் முதல் 7 வருஷம் வரை சிறை.

பயிரை அழிக்கும் இரண்டாம் அட்டவணை மிருகத்தைக் கொல்லச் சட்டத்தின் 11-வது பிரிவு வழி விடுகிறது. ஆனால் தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவர் அதிகாரமளித்த உத்தியோகஸ்தரோ, காரணங்களைக் குறித்து எழுத்து மூலம் உத்தரவு கொடுக்க வேண்டும். தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க நல்லெண்ணத்துடன் கொன்றால் அது குற்றமாகாது; கடலையைக் காக்கக் கொன்றேன் என்பது அதில் அடங்காது. எப்படிக் கொல்லப்பட்டாலும் அம்மிருகம் சர்க்காரின் சொத்து. இறைச்சியைப் பங்கு போட்டுக்கொண்டவர்களும் வழக்கில் அகப்படுவார்கள். சரணாலயத்திற்குப் பத்து கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்கள் தங்கள் துப்பாக்கியை வனத்துறையில் பதிந்துகொள்ள வேண்டுமென்றும், அவ்வெல்லைக்குள் தலைமைக் காப்பாளரின் இசைவின்றிப் புது லைசென்ஸ் கொடுக்கலாகாது என்றும் 34-வது பிரிவு சொல்லுகிறது. நம் மலையோரத்துச் சங்கங்களில் பல இந்த எல்லைக்குள்ளேயே இருக்கின்றன.

அயல் மாகாணங்களின் ஏற்பாடு வேறு. 2015-ல் பீகாரிலும், 2016-ல் உத்தரகண்டிலும் காட்டுப்பன்றியைக் குறிப்பிட்ட காலத்திற்கு ‘தீங்குயிர்’ என்று மத்திய சர்க்கார் அறிவித்தது. கேரளத்தில் 2022 முதல் பஞ்சாயத்துத் தலைவர்களுக்கே அதிகாரமளித்து, லைசென்ஸ் உள்ளவர்களைக் கொண்டு சுட ஏற்பாடாயிற்று. அதைக் கேள்வியுற்ற எல்லையோரத்தார் நமக்கும் அப்படியே என்று எண்ணிவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வகுத்த முறையின்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடுதல் இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பன்றிகளைப் பிடித்துக் காட்டில் விடுதல். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடுதல். அதிலும் சுடுகிறவர்கள் பயிற்சி பெற்ற வனத்துறையினரே, குடியானவர் அல்லர். நம் பெரியவரின் காடோ, காப்புக்காட்டு எல்லைக் கல்லிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது.

ஆகவே அவர் கடன் வாங்கி, லைசென்ஸும் பெற்று, துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டில் நின்றாலும், எதிரே வரும் பன்றியைச் சுட அவருக்கு உரிமையில்லை. சுட்டால் கடனும் நிற்கும், வழக்கும் நிற்கும். இதைக் கூறியபொழுது அவர் முகம் வாடியதைக் கண்டேன். சட்டம் நியாயமா என்று அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனென்று தெரியவில்லை. அவர் கேட்கவில்லை.

ஆயினும் பல வீடுகளில் துப்பாக்கி ஏற்கெனவே இருக்கிறது. ஆதலால் அதன் இயல்பையும் ஆபத்தையும் அறிந்திருப்பது அவசியம்.

நம் கிராமங்களில் காணப்படுபவை மூன்று வகை. முதலாவது, வாய்வழி மருந்து கெட்டிப்பது. இரண்டாவது, தோட்டா போடும் ஒற்றைக்குழலும் இரட்டைக்குழலும். பெரும்பாலும் 12 போர். ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாக நுழையுமோ அதுவே 12 போர். இவ்விரு வகைகளிலும் குழலின் உட்புறம் வழவழப்பானது. ரவைகள் சிதறிச் செல்லும். நாற்பது கஜத்திற்கு அப்பால் அவற்றை நம்ப முடியாது. மூன்றாவது ரைபிள். இதன் குழலுக்குள் திருகுபோல் வரிகள் வெட்டியிருக்கும். அவ்வரிகள் குண்டைச் சுழலச் செய்வதால் அது கோணாமல் வெகுதூரம் செல்லும். அணிலடிக்கும் ரைபிள் என்று ஏளனம் செய்யப்படும் .22 ரைபிளின் குண்டே ஒரு மைலுக்கு அப்பாலும் போகவல்லது. அடுத்த ஊரே ஒரு மைலுக்குள் இருக்கும் நம் சமவெளிக் கிராமங்களில், பயிர்க் காவலுக்கு ரைபிள் ஏற்றதன்று என்பது என் அபிப்பிராயம். சட்டத்தின் பயிர்க் காவல் வாசகத்திலும் ரைபிள் இடம் பெறவில்லை.

காற்றுத் துப்பாக்கியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஏனெனில் அதை விளையாட்டுச் சாமான் என்று எண்ணுவோர் மிகுதி. சுருள்வில்லால் அழுத்தப்பட்ட காற்று ஒரு சிறு ஈயக் குண்டைத் தள்ளுகிறது, வெடிமருந்து இல்லை. 2016-ம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டருக்கு, அதாவது .177 அங்குலத்திற்கு, மேற்பட்ட குழலுடையதும், 20 ஜூலுக்கு மேற்பட்ட வேகசக்தியுடையதும் லைசென்ஸுக்கு உட்பட்டவை. அதற்குக் குறைந்தது கடையில் கிடைக்கிறது. அதன் குண்டு ஏறக்குறைய அரை கிராம். வினாடிக்கு 180 மீட்டர் வேகத்தில் சென்றாலும் அதன் சக்தி 8 ஜூலே. 12 போர்த் தோட்டாவின் சக்தி 2,000 ஜூலைத் தாண்டும். எனவே காற்றுத் துப்பாக்கியால் பன்றியைச் சுடுவது அதன் தோலைக் கிள்ளி வெறியூட்டுவதே. ஆனால் அந்த 8 ஜூல் ஒரு குழந்தையின் கண்ணைப் போக்கப் போதும்; அருகிலிருந்து பட்டால் உயிரையும் போக்கக்கூடும். களஞ்சியத்து எலிக்கு அது பயன்படும் என்பார்கள். டெல்டா ஜில்லாக்களில் வழங்கும் மூங்கில் கிட்டிகள் ஒரே இரவில் பிடிக்கும் எலிகளைக் காற்றுத் துப்பாக்கிக்காரர் ஒரு வாரத்திலும் சுடமாட்டார். பிள்ளைகள் கையில் அது சேர்ந்தால் குறிவைப்பது எலியையன்று, மைனாவையும் கிளியையும் மரங்கொத்தியையும். அருணாசலப் பிரதேசத்தில் 2021-ல் காற்றுத் துப்பாக்கிகளை மனமுவந்து ஒப்படைக்கும் இயக்கமே தொடங்க வேண்டியதாயிற்று. காடுகளில் பட்சிகளின் சப்தம் அவ்வளவு குறைந்திருந்தது. பட்சி சாஸ்திர நிபுணர் சாலிம் அலி சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு குருவியை வீழ்த்தி, அதன் கழுத்திலிருந்த மஞ்சள் நிறத்தைக் கண்டு வியந்து, அது எந்த ஜாதி என்று விசாரிக்கப் பம்பாய்ச் சங்கத்துக்குப் போனார். அதுவே அவருடைய வாழ்நாள் தொழிலாயிற்று. எல்லாப் பிள்ளைகளும் அவ்விதம் விசாரிக்கப் போவதில்லை.

இனித் துப்பாக்கி வைத்திருப்போர் கவனிக்க வேண்டியவை. எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் அண்ணனும் தம்பியும் சோளக்காட்டுக்குக் காவல் இருந்தார்கள். தம்பி தண்ணீர் குடிக்கப் பரணைவிட்டு இறங்கினான். திரும்பும்பொழுது வழக்கமான வரப்பை விட்டுத் தட்டைக்குள் புகுந்து வந்தான். தட்டை அசைந்தது, அண்ணன் சுட்டான். தம்பி பிழைத்தான், ஆனால் இடது கை பயன்படவில்லை. அவ்வண்ணன் மதுபானம் செய்பவனல்லன், முரடனுமல்லன். பன்றியையே எதிர்பார்த்து மூன்று இரவு விழித்தவன். எதிர்பார்த்ததையே கண் காணும். சப்தத்தை நோக்கியும் அசைவை நோக்கியும் சுடலாகாது என்பதை அவனிடம் யாரும் முன்னமே சொல்லவில்லை. மிருகத்தின் முழு உருவமும் தெரிய வேண்டும். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்பதும் தெரிய வேண்டும். பாறைமீதும் தண்ணீர்மீதும் பட்ட குண்டு எகிறிப் பக்கவாட்டில் ஓடும்.

கையில் எடுக்கும் துப்பாக்கி எதுவாயினும் அதில் மருந்து இருக்கிறதென்றே கொள்ள வேண்டும், இப்பொழுதுதான் காலி செய்தோம் என்றாலும். குழலின் வாய் ஒருபொழுதும் மனிதரை நோக்கக்கூடாது. சுடும் கணம் வரை விரல் விசைமேல் இருத்தலாகாது. வேலி தாண்டும்பொழுதும், கிணற்றுப் படியில் இறங்கும்பொழுதும், வண்டியில் ஏறும்பொழுதும் தோட்டாவை வெளியே எடுத்துவிட வேண்டும். விபத்துக்களில் பல இவ்விடங்களிலேயே நேர்கின்றன. சேறோ மண்ணோ குழலின் வாயில் அடைந்திருந்தால் சுடும்பொழுது குழல் வெடித்துக் கையைக் கொண்டுபோகும். ஆதலால் கீழே விழுந்த துப்பாக்கியை உட்புறம் பார்த்துத் துடைக்காமல் பயன்படுத்தலாகாது.

வாய்வழிக் கெட்டிப்பதில் வேறு தொல்லைகளும் உண்டு. இருட்டில் ஒருமுறை மருந்து போட்டதை மறந்து மறுமுறையும் போட்டுவிடுவார்கள். கெட்டிக்கும் கோலில் ஒரு கோடு கீறி வைத்தால், கோல் உள்ளே எவ்வளவு இறங்குகிறதென்பதைக் கொண்டு குழல் காலியா என்று கண்டுபிடிக்கலாம். கேப்பு வெடித்தும் மருந்து பற்றாவிட்டால் உடனே குழலுக்குள் எட்டிப் பார்க்கக்கூடாது. வாயை வெறுவெளிக்குத் திருப்பியபடியே ஒரு நிமிஷமாவது பொறுக்க வேண்டும். ஈரமருந்து தாமதித்து வெடிப்பதுண்டு. கருமருந்தின் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். எண்ணெய் மட்டும் தடவினால் அது போகாது. வெந்நீரால் கழுவி, உலர்த்தி, பிறகே எண்ணெயிட வேண்டும். பாட்டனார் காலத்துப் பழங்குழலில் புதுவகைப் புகையிலா மருந்துத் தோட்டாவைப் போடுவது மிகவும் அபாயம்.

பாட்டனார் என்றதும் நினைவு வருகிறது. லைசென்ஸ் ஒருவர் பெயருக்கு உரியது, வீட்டுக்கு உரியதன்று. லைசென்ஸ்தாரர் இறந்தால் மகன் அத்துப்பாக்கியை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. காலதாமதமின்றிப் போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொண்டு, பிறகு தன் பெயருக்கு மனுச் செய்ய வேண்டும். பரம்பரைச் சொத்தென்று பரண்மேல் சாக்கில் சுற்றி வைத்திருந்து வழக்கில் அகப்பட்ட நல்ல குடும்பத்தார் உண்டு. தேர்தல் காலத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கும்படி உத்தரவு வந்தால் அதையும் தட்டலாகாது. துப்பாக்கியை ஒரு பெட்டியிலும் தோட்டாவை வேறு பெட்டியிலும் பூட்டி, இரு சாவிகளையும் ஒரே ஆணியில் மாட்டாதிருத்தல் நன்று.

துப்பாக்கி கிடையாதென்றால் வேறு வழியென்ன என்று கேட்டு, அதைவிடக் கேடான வழிகளை மேற்கொள்வோர் இருக்கிறார்கள். பழத்திற்குள் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காய் அவற்றுள் ஒன்று. பன்றிக்கென்று வைத்ததை யானைக்கன்று கடித்து, வாய் சிதைந்து, பல நாள் பட்டினி கிடந்து சாகிறது. மேயும் பசுவும் கடிக்கிறது. மற்றொன்று, வேலிக் கம்பியில் நேரே மின்சாரம் பாய்ச்சுதல். நான் தணிக்கை செய்யும் வட்டத்தில் ஒரு சங்கத்து அங்கத்தினர் அவ்விதம் பாய்ச்சிய கம்பியில், விடியற்காலம் பால் கொண்டு சென்ற மற்றோர் அங்கத்தினர் மிதித்து மாண்டார். ஒருவர் சிறைக்குப் போனார், ஒருவர் சுடுகாட்டுக்குப் போனார். இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே நாளில் சங்கத்திற்கு வந்து, தத்தம் கணவர் பெயரிலிருந்த கடனுக்கு என்ன செய்வதென்று கேட்டார்கள். வராந்தாவின் இரு மூலைகளில் ஒருவரையொருவர் பாராமல் உட்கார்ந்திருந்தார்கள்.

பன்றியின் இயல்பை அறிந்தால் காவல் எளிதாகும். அதன் கண்பார்வை மந்தம்; மோப்பமும் செவியும் மிகக் கூர்மை. பயிருக்குள் அது பெரும்பாலும் இரவிலேயே வருகிறது. தாய்ப்பன்றி நான்கு மாதத்திற்குச் சற்றுக் குறைந்த சினைக்காலத்தில் நான்கு முதல் ஆறு குட்டிகள் ஈனும். ஆகையால் ஆங்காங்கே ஒன்றிரண்டைக் கொல்வதால் தொகை குறைந்துவிடாது. குறைக்க வேண்டியது அது வரும் வழியையும், வந்தால் கிடைக்கும் தீனியையும். ஒருவர் காட்டை மட்டும் காத்தால் பன்றி பக்கத்துக் காட்டுக்குப் போகிறது. இது ஒருவராகச் செய்யும் வேலையன்று, சங்கமாகச் செய்யும் வேலை. தினைப்புனத்தில் பரண் கட்டிக் கவணும் தட்டையும் கொண்டு காத்த நாட்டார் நாம். அந்தப் பழக்கம் விட்டுப்போனதற்குக் காரணம் கூலியாள் கிடைக்காமையும், அவரவர் காட்டை அவரவரே பார்த்துக்கொள்ளட்டும் என்ற மனப்பான்மையுமே.

கணக்கைப் பாருங்கள். அந்தக் கரையில் கடலை போட்டவர்கள் 24 பேர். இரவுக்கு நால்வர், பரணுக்கு இருவராக இரண்டு பரணில் இருந்தால், ஒருவருக்கு ஆறு இரவுக்கு ஒருமுறை முறை வரும். காய் பிடித்து முற்றும் கடைசி 30 நாளே பன்றி மிகுதியாய் வரும் காலம். அதற்கு ஒருவர் விழிக்க வேண்டியது ஐந்தே இரவு. ஐந்து இரவுத் தூக்கத்திற்காகப் பயிர்க்கடன் முழுதையும் இழந்திருக்கிறோம் என்று பஞ்சாயத்துக் கூட்டத்தில் நான் கணக்கெழுதிக் காட்டியபொழுது ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. நகைத்த இளைஞர்களும் பேசவில்லை.

பெரியவர் தம் மனுவைத் திருப்பி எடுத்துக்கொண்டார். அதற்குப் பதிலாகப் பொது நன்மை நிதியிலிருந்து நான்கு டார்ச்சு விளக்கும் இரண்டு தகரத் தமுக்கும் வாங்கத் தீர்மானம் எழுதினார்கள். சேதமடைந்த காடுகளுக்கு நஷ்டஈடு கோரும் மனுக்களை, கிராம நிர்வாக அதிகாரியின் அடங்கலுடன் சேர்த்து, எல்லோருக்கும் ஒன்றாகவே காரியதரிசி எழுதி வனத்துறைக்கு அனுப்பினார். தனித்தனியே அனுப்பியபொழுது பாதிப் பேர் மனுவில் சர்வே எண்ணே இருந்ததில்லை.

காவல் நோட்டில் ஐந்து கலங்கள் போதும்: தேதி, காவல் இருந்தவர், பன்றி வந்த மணி, வந்த திசை, காற்றடித்த திசை. கடைசிக் கலம் எதற்கென்று கேட்டார்கள். பன்றி மோப்பம் பிடித்துக்கொண்டே வருவதால், காற்று மலையிலிருந்து ஊரை நோக்கி வீசும் இரவில் பரணிலுள்ள மனித வாடை அதற்கு எட்டுவதில்லை; அன்று துணிந்து இறங்கிவிடும். அத்தகைய இரவுகளில் ஒரு பரணை மலைப்பக்கத்து வரப்புக்கே மாற்றிப் போட வேண்டும். அடுத்த தணிக்கைக்குச் சென்றபொழுது நோட்டைப் புரட்டினேன். பன்றிகள் ஒன்பது இரவு வந்திருந்தன; இரண்டு இரவு காட்டுக்குள் நுழைந்து ஓரத்துப் பாத்திகளைக் கிளறியிருந்தன. அவ்விரண்டு நாளிலும் கடைசிக் கலத்தில் மேல்காற்று என்று எழுதியிருந்தது, பரண் இடம் மாறவில்லை.

பெரியவரின் கையெழுத்து ஐந்துக்கு ஏழு இடத்தில் இருந்தது. ஜாமீன்தாரர் ஒருவருக்குக் காய்ச்சலாம். அவர் முறையையும் இவரே பார்த்திருக்கிறார்.